மழை பெய்தால் ரீசெட் ஆகும் பெட்டி: ஒரு கெர்னல் டீபக் பதிவு

ஐப்பசி அடைமழை. விடிகாலை நாலரை மணிக்கு மில் மேஸ்திரியிடமிருந்து போன். “தம்பி, ஒங்க பொட்டி மறுபடியும் செத்துப் பொழச்சிருக்கு.”

அந்தக் கோளாறை இதைவிடச் சரியாக நானும் சொல்லியிருக்க முடியாது. அரிசி மில் டிரையருக்கு நான் செய்து கொடுத்த பெட்டி அது; உள்ளே இருக்கும் சின்ன கம்ப்யூட்டர் போர்டு தானாக ரீசெட் ஆகும், முக்கால் நிமிஷத்தில் எழுந்துகொள்ளும், ஒன்றுமே நடக்காத மாதிரி வேலையை முதலிலிருந்து ஆரம்பிக்கும். முதலிலிருந்து ஆரம்பிப்பதுதான் தொல்லை.

மில் நீடாமங்கலம் ரயில்வே கேட்டைத் தாண்டி இருக்கிறது. புழுங்கல் அரிசி மில். நெல்லை ஊறவைத்து, அவித்து, டிரையரில் போட்டுக் காயவைத்து அரைப்பார்கள். அவித்த நெல்லில் 30 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கும்; அரவைக்கு 14 வாக்கில் வர வேண்டும். வெயில் காலத்தில் பாதி நெல் களத்திலேயே காய்ந்துவிடும். குறுவை அறுவடை முடிந்து மழை பிடித்துக்கொண்டால் களம் குளமாகிவிடும், அப்புறம் எல்லாமே டிரையர்தான். பாய்லருக்கு உமி, டிரையருக்குச் சூடான காற்று, எலிவேட்டர் நெல்லைச் சுற்றிச் சுற்றி மேலே தூக்கிக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

நான் செய்து கொடுத்த பெட்டிக்கு மூன்று வேலை. காற்றின் சூட்டைப் பார்க்கும், எலிவேட்டர் ஓடுகிறதா என்று பார்க்கும், சூடான காற்று வரும் மடையை ரிலே வழியாகத் திறந்து மூடும். இந்த லோடு எத்தனை மணி நேரம் காய்ந்தது என்ற கணக்கு ரேமில் இருந்தது. ரீசெட் ஆனால் கணக்கு பூஜ்யம், காய்ந்த நெல் மறுபடி காயும். அதிகம் காய்ந்த நெல்லை அரைத்தால் அரிசி உடையும். மில்காரர் பெரிதாகக் கோபப்படவில்லை. ஒரு கைப்பிடி அரிசியை என் உள்ளங்கையில் கொட்டி, “குருணை ஏறுது பாருங்க தம்பி” என்றார். அவ்வளவுதான் சொன்னார். கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

உள்ளே இருப்பது பீகிள்போன் பிளாக். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஏஎம்3358 ப்ராசசர், ஒற்றை கார்டெக்ஸ் ஏ8 கோர், 1 ஜிகாஹெர்ட்ஸ், 512 எம்பி ரேம். லினக்ஸ் 5.10 கெர்னலை (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) நானே வெட்டிக் குறைத்து பில்ட் செய்திருந்தேன். ஒற்றை கோர்தானே என்று எஸ்எம்பி-யை (பல கோர்களைச் சேர்த்து ஓட்டும் வசதி) ஆரம்பத்திலேயே அணைத்துவிட்டேன். எலிவேட்டர் தண்டின் வேகத்தை எண்ண ப்ராக்சிமிட்டி சென்சார், அதற்கு நானே எழுதிய சின்ன கெர்னல் டிரைவர். இந்தக் கடைசி வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

மழை நாளில்தான் ரீசெட் ஆகிறது என்று மேஸ்திரி அடித்துச் சொன்னார். நோட்டில் தேதி போட்டு எழுதியும் வைத்திருந்தார். வெயில் நாளில் இரண்டு நாளைக்கு ஒரு தடவை, சில சமயம் மூன்று நாள் தாக்குப்பிடிக்கும். மழை நாளில் தினமும், சில நாள் இரண்டு தடவை. மழை என்றால் ஈரம், ஈரம் என்றால் ஷார்ட், அல்லது லைனில் வோல்டேஜ் ஆட்டம். யாருக்கும் தோன்றுவதுதான். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகள் போட்டோம். கேபிள் நுழையும் ஓட்டைகளை சிலிக்கோன் வைத்து அடைத்தோம். பவர் சப்ளையை மாற்றினோம். மாற்றிய பிறகும் ரீசெட் ஆனதால் நான் பவர் சப்ளை விற்ற கடைக்காரரிடம் போய் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டு வந்தேன். அது என் கணக்கில் இன்னும் பாக்கி நிற்கும் தவறு.

திருப்பம் ஒரு ரிஜிஸ்டரில் இருந்தது. இந்த ப்ராசசரில் கடைசி ரீசெட் எதனால் வந்தது என்று குறித்து வைக்கும் ரிஜிஸ்டர் ஒன்று உண்டு. கரண்ட் போய் வந்தால் ஒரு பிட், மென்பொருளே ரீசெட் செய்தால் ஒரு பிட், வாட்ச்டாக் (குறித்த நேரத்துக்குள் மென்பொருள் சிக்னல் தராவிட்டால் போர்டை ரீசெட் செய்யும் டைமர்) கடித்தால் இன்னொரு பிட். பூட் ஆனதும் அதைப் படித்து எழுதி வைக்கச் சொன்னேன். மூன்று ரீசெட்டும் வாட்ச்டாக். அப்படியென்றால் கரண்ட் போகவில்லை, ஈரமும் ஷார்ட் அடிக்கவில்லை. பின்னணியில் ஓடும் என் புரோகிராம் (டீமன்) வாட்ச்டாக்குக்கு 60 விநாடிக்குள் தீனி போடவில்லை, அது தன் வேலையைச் செய்தது. இதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும்.

சரி, மென்பொருள் கோளாறு. லாகைப் பார்க்கலாம் என்றால் லாக் இல்லை. டெல்டாவில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது, ஃபைல் சிஸ்டம் கெட்டுவிடக் கூடாது என்று ரூட் பார்ட்டிஷனை ரீட் ஒன்லியாக (படிக்க மட்டும்) வைத்திருந்தேன், லாக் முழுக்க ரேமில். ரீசெட்டோடு சாட்சியும் போய்விடும்.

இங்கே நான் செய்த முட்டாள்தனத்தையும் எழுதிவிடுகிறேன். கெர்னல் ஆப்ஷன்களைத் தேர்வு செய்யும் மெனு கான்ஃபிக்கைத் திறந்து, கடைசியில் இருக்கும் ‘கெர்னல் ஹாக்கிங்’ பகுதிக்குப் போனேன். (மெனுவில் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும், வாயில் சொல்கிறபடியே எழுதுகிறேன்.) எங்கோ மெமரி கெட்டுப்போகிறது என்று மனதில் ஒரு முடிவு. ‘ஸ்லப் டீபக்’, ‘டீபக் பேஜ் அலாக்’, ‘கேமெம்லீக்’ என்று மெமரி சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் ஆன் செய்து மில்லில் மாட்டிவிட்டு வந்தேன். போர்டு நத்தையாக ஊர்ந்தது. ரீசெட் வழக்கம்போல் வந்தது. இரண்டு வாரம் போயிற்று, ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த ஆப்ஷன்கள் மோசமானவை அல்ல. விடுவித்த மெமரியில் யாராவது எழுதினால் ஸ்லப் டீபக் பிறகு கண்டுபிடித்துச் சொல்லும். ஆனால் என் நோய் அது இல்லை. வயிற்று வலிக்கு எக்ஸ்ரே எடுத்த கதை.

அப்புறம்தான் வேறு மாதிரி யோசித்தேன். எந்த நோய் என்று ஊகிப்பதை விட்டுவிட்டு, சாகும்போது கெர்னல் சொல்லும் கடைசி வார்த்தையைப் பிடிக்க வேண்டும்.

பீகிள்போனில் சீரியல் கன்சோலுக்கு ஆறு பின் வரிசை ஒன்று உண்டு. முதல் பின் கிரவுண்ட், நாலாவது ரிசீவ், ஐந்தாவது டிரான்ஸ்மிட், 3.3 வோல்ட். 5 வோல்ட் கேபிளை மாட்டிவிடாதீர்கள். ஒரு ராத்திரி மில்லிலேயே லேப்டாப்பை மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். உமித்தூசு கீபோர்டுக்குள் போனதுதான் மிச்சம். அன்றைக்கு ரீசெட்டே ஆகவில்லை. இரண்டு நாளுக்கு ஒரு தடவை வரும் கோளாறுக்கு முன்னால் ஆள் உட்கார்ந்திருக்க முடியாது. அதனால் ராமூப்ஸ்.

ராமூப்ஸ் செய்வது இதுதான்: ரேமில் ஒரு துண்டை கெர்னல் தொடாதபடி ஒதுக்கி வைத்து, கன்சோலில் போகும் வரிகளை அதிலும் எழுதிக்கொண்டே போகும். வாட்ச்டாக் ரீசெட் வார்ம் ரீசெட்தான், ரேமுக்குக் கரண்ட் நிற்பதில்லை. போர்டு மறுபடி எழும்போது அந்தத் துண்டில் பழைய வரிகள் அப்படியே இருந்தால், பிஸ்டோர் என்ற கெர்னல் வசதி அவற்றைச் சாதாரண ஃபைலாகக் காட்டும். ‘பிஸ்டோர்’, ‘பிஸ்டோர் ரேம்’, ‘பிஸ்டோர் கன்சோல்’ மூன்றையும் ஆன் செய்ய வேண்டும். மூன்றாவதை விட்டால் பேனிக், ஊப்ஸ் (கெர்னல் விழுவது, தடுமாறுவது) வரும்போது மட்டும்தான் எழுதும். என் விஷயத்தில் பேனிக்கே வரவில்லை என்பது பிறகு தெரிந்தது. கன்சோலை விட்டிருந்தால் இன்னும் ஒரு வாரம் வீண்.

போர்டின் வன்பொருளைக் கெர்னலுக்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் ‘ரிசர்வ்டு மெமரி’ கீழே 1 எம்பி ஒதுக்கினேன். கன்சோலுக்கு 256 கேபி, ஊப்ஸ் ஒவ்வொன்றுக்கும் 64 கேபி. எங்கே ஒதுக்குவது? ரேமின் உச்சியில் கடைசி 1 எம்பி யாருக்கும் தொந்தரவில்லாத மூலை என்று நினைத்தேன். சோதிக்க, கெர்னலுக்கு நேரடியாகக் கட்டளை தரும் சிஸ்ஆர்க்யூ வழியாக ‘சி’ எழுத்தை அனுப்பினேன், அது வேண்டுமென்றே கெர்னலை விழவைக்கும். விழுந்தது, எழுந்தது, பிஸ்டோர் காலி. நாலு தடவை செய்தும் காலி. ரேம் ரீசெட்டில் அழிந்துவிடுகிறது போல என்று கைவிடப் போனவன், யூபூட் (கெர்னலை ஏற்றிவிடும் பூட்லோடர்) திரையில் ஓடும் வரிகளைப் பார்த்தபோதுதான் உறைத்தது. யூபூட் ஆரம்பித்ததும் தன்னையே ரேமின் உச்சிக்கு நகர்த்திக்கொள்ளும். நான் ஒதுக்கிய மூலையில்தான் அது வந்து பாய் விரித்துப் படுக்கிறது. இந்த போர்டில் ரேம் ஹெக்ஸில் 80000000-இல் தொடங்குகிறது. துண்டை நடுவில், 90000000-க்கு நகர்த்தினேன். கெர்னல், டிவைஸ் ட்ரீ எல்லாம் இறங்கும் இடம் அதற்குக் கீழே. மறுபடி ‘சி’. இந்தத் தடவை பிஸ்டோரில் இரண்டு ஃபைல், உள்ளே வரிகள் ஒரு எழுத்து சிதையாமல் இருந்தன. பெட்டியை வேலை இடத்துக்கு அனுப்பும் முன் இந்தச் சோதனையைச் செய்யாமல் ராமூப்ஸை நம்பாதீர்கள்.

அடுத்தது நேரக் கணக்கு. இது யாரும் சொல்லித் தராத இடம், நானும் தற்செயலாகத்தான் கவனித்தேன். ‘டிடெக்ட் ஹங் டாஸ்க்’ என்று ஒரு ஆப்ஷன் உண்டு. ஒரு ப்ராசஸ் எழுப்ப முடியாத தூக்கத்தில், அதாவது ‘டி’ நிலையில், ரொம்ப நேரம் கிடந்தால் கெர்னல் அதன் பெயரைச் சொல்லிப் புகார் செய்யும். ரொம்ப நேரம் என்பது 120 விநாடி, அதுதான் இயல்பு மதிப்பு. என் வாட்ச்டாக் 60 விநாடியில் கடிக்கிறது. புகார்ப் பெட்டி திறப்பதற்கு முன்பே பெட்டிக்காரனைக் கொன்றுவிட்டால் யார் புகார் செய்வது? அதை 20-ஆக்கினேன். சரியாக 20-இல் சொல்லிவிடாது. 20 விநாடிக்கு ஒரு தடவைதான் எட்டிப்பார்க்கும் என்பதால் 20-இலிருந்து 40-க்குள் எப்போது வேண்டுமானாலும் சொல்லும். 40 என்றாலும் 60-க்குள் அடங்குகிறது.

‘டிடெக்ட் ஹங் டாஸ்க்’ ‘டீபக் கெர்னல்’ என்ற தாய் ஆப்ஷனைச் சார்ந்தது. தாயை ஆன் செய்யாமல் பிள்ளையை மட்டும் கான்ஃபிக் ஃபைலில் கையால் எழுதினால், பில்ட் ஆரம்பிக்கும்போது சத்தமில்லாமல் தூக்கிவிடும். எச்சரிக்கைகூட வராது. அதனால் என் ஆப்ஷன்களைத் தனியாக ஒரு துண்டு ஃபைலில் வைத்து இணைத்து, இணைத்த பிறகு இறுதி கான்ஃபிக்கைத் திறந்து ஒவ்வொன்றும் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பேன். ‘ஐகே கான்ஃபிக்’கையும் ஆன் செய்துவிட்டால் ஓடும் கெர்னலிடமே அதன் கான்ஃபிக்கைக் கேட்டுக்கொள்ளலாம்.

மாட்டிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் மேஸ்திரி போன் செய்தார். “செத்துருச்சு தம்பி” என்றவரிடம், “நல்லது மேஸ்திரி” என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

கேட் மூடியிருந்தது. இறங்கி நடந்தே போனேன். பிஸ்டோர் ஃபைலின் அடியில் இரண்டே வரி. முதல் வரி ‘ஷெட்யூலிங் வைல் அடாமிக்’ என்ற பக் அறிவிப்பு, பக்கத்தில் என் டீமனின் பெயர். அதற்கு 31 விநாடி கழித்து அடுத்த வரி: அதே டீமன் 20 விநாடிக்கு மேலாகத் தடைப்பட்டுக் கிடக்கிறது. ஸ்டாக் ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற பட்டியல்) இல்லை. காரணம் பூட் வரியில் நான் போட்டிருந்த ‘கொயட்’. அது இருந்தால் எரர் நிலை வரிகள் கன்சோலுக்கு வரும், ஆனால் ட்ரேஸ் அதைவிடத் தாழ்ந்த நிலையில் அச்சாவதால் வடிகட்டப்படும். பூட் ஆகும்போது திரை சுத்தமாக இருக்கட்டும் என்று ஒரு காலத்தில் ஆசைப்பட்டுப் போட்டது. திரையே இல்லாத பெட்டியில்!

கொயட்டை எடுத்துவிட்டு இன்னும் இரண்டு நாள் காத்திருக்கலாம். காத்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி.

‘ஷெட்யூலிங் வைல் அடாமிக்’ என்றால், தூங்கக் கூடாத இடத்தில் யாரோ தூங்கப் போனார்கள் என்று அர்த்தம். இன்டரப்ட் ஹேண்ட்லர் (வன்பொருள் சிக்னல் வந்ததும், ஓடுகிற வேலையை நிறுத்திவிட்டு ஓடும் ஃபங்ஷன்) அப்படிப்பட்ட இடம். என் டிரைவரில் இன்டரப்ட் ஒன்றே ஒன்றுதான். ‘டீபக் அடாமிக் ஸ்லீப்’ என்ற ஆப்ஷனை ஆன் செய்தேன். இது விபத்து நடக்கும்வரை காத்திருக்காது. தூங்கக்கூடிய ஃபங்ஷன் எதையாவது தூங்கக் கூடாத இடத்திலிருந்து கூப்பிட்டாலே, அந்தத் தடவை தூக்கம் வந்ததோ இல்லையோ, கத்திவிடும். சிக்னலைத் தாண்டினால் இடித்தாலும் இடிக்காவிட்டாலும் அபராதம் போடும் போலீஸ்காரர் மாதிரி.

வீட்டில் மேசைமேல் போர்டு. எலிவேட்டருக்குப் பதிலாக அம்மாவின் தையல் மெஷின். கைச்சக்கரத்தில் ஒரு இரும்பு ஸ்க்ரூவை டேப் போட்டு ஒட்டி, சக்கரத்துக்கு ஐந்து மில்லிமீட்டர் தள்ளி சென்சாரைக் கட்டினேன். சென்சார் 12 வோல்ட், நடுவில் ஆப்டோகப்ளர், அதன் பிறகு 3.3 வோல்ட்டில் போர்டின் ஜிபிஐஓ பின். சீரியல் கன்சோலைக் காட்டும் மினிகாமைத் திறந்து வைத்துக்கொண்டு பெடலை ஒரு மிதி மிதித்தேன். ஸ்க்ரூ சென்சாரைக் கடந்த முதல் தடவையே திரையில் கொட்டியது: ‘ஸ்லீப்பிங் ஃபங்ஷன் கால்டு ஃப்ரம் இன்வேலிட் கான்டெக்ஸ்ட்’, இடம் கெர்னலின் மியூடெக்ஸ் (ஒருவர் பிடித்திருந்தால் அடுத்தவரைத் தூங்கவைக்கும் பூட்டு) ஃபைல். அடுத்த வரியில் ‘இன் அடாமிக்’ 1, ‘ஐஆர்க்யூஸ் டிசேபிள்டு’ 128. 128 என்பதைப் பார்த்து பயப்பட வேண்டாம்; ஏஆர்எம் ப்ராசசரின் நிலை ரிஜிஸ்டரில் இன்டரப்டை மூடும் பிட்டின் மதிப்பு அது. கீழே ட்ரேஸ்: மியூடெக்ஸ் லாக், அதைக் கூப்பிட்டது என் ஹேண்ட்லர். அந்தக் கூப்பிடும் வரியை எழுதியவன் நான்தான், ஒன்றரை வருஷத்துக்கு முன்பு.

அம்மா எட்டிப் பார்த்து, “மெஷின் ரிப்பேரா?” என்றார். “இல்லம்மா, எனக்குத்தான்.”

நடந்தது இதுதான். துடிப்பு எண்ணிக்கையும் கடைசித் துடிப்பின் நேரமும் ஒரு ஸ்ட்ரக்ட்டில் இருக்கும். டீமன் விநாடிக்கு ஒரு தடவை மியூடெக்ஸைப் பிடித்து அதை நகல் எடுக்கும். ஹேண்ட்லரும் அதே மியூடெக்ஸைப் பிடித்துத்தான் எண்ணிக்கையைக் கூட்டும். மியூடெக்ஸ் சும்மா இருந்தால் ஹேண்ட்லர் தூங்காமலே வாங்கிக்கொண்டு போய்விடும், யாருக்கும் தெரியாது. ஒன்றரை வருஷம் அப்படித்தான் பெரும்பாலும் தப்பித்தது. டீமன் அதைப் பிடித்திருக்கும் அந்தக் கணத்தில் துடிப்பு வந்தால்தான் வினை. ஹேண்ட்லர் டீமனின் தோளில் ஏறி உட்கார்ந்தபடி, டீமன் மியூடெக்ஸை விடட்டும் என்று தூங்கப் போகும். டீமன் தனக்காகத் தானே காத்துக் கிடப்பான். எஸ்எம்பி ஆன் ஆகியிருந்தால் இந்த இரண்டு வரிகூடக் கிடைத்திருக்காது என்பது இன்னொரு வேடிக்கை. மியூடெக்ஸ் வைத்திருப்பவன் அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தால், அவன் விடுவான் என்று தூங்காமல் சுற்றிச் சுற்றிப் பார்க்கும் பழக்கம் அங்கே உண்டு. இன்டரப்டை மூடிக்கொண்டு தனக்காகத் தானே சுற்றினால் ஒரு முனகல்கூட வராது.

மியூடெக்ஸ் பிடித்திருக்கும் நேரத்தை அளந்தேன். சுமார் 1.5 மைக்ரோ விநாடி. எலிவேட்டர் தண்டிலிருந்து விநாடிக்கு 4 துடிப்பு. ஒரு விநாடியில் மோதும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஆறு. சராசரியாக 1,66,000 விநாடிக்கு ஒரு தடவை, அதாவது இரண்டு நாளுக்குக் கொஞ்சம் குறைவு. மேஸ்திரியின் நோட்டு சொன்ன அதே கணக்கு.

அப்போது மழை? மழை நாளில் களம் கிடையாது, இரண்டு டிரையரும் ஓடும். துடிப்பு இரட்டிப்பு, டீமன் படிப்பதும் இரட்டிப்பு, பூட்டு ஒன்றே ஒன்று. மோதும் வாய்ப்பு நாலு மடங்கு. இரண்டு நாள் பன்னிரண்டு மணி நேரமாகச் சுருங்கிவிடும். மேஸ்திரி எழுதி வைத்தது ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. மழைதான் காரணம், ஆனால் ஒரு சொட்டுகூடப் பெட்டிக்குள் வரவில்லை.

விதியை மீறியது தெரிந்துவிட்டது. ரீசெட்டுக்கும் அதுதான் காரணம் என்று உறுதி செய்ய இன்னொன்று செய்தேன். டீமன் பக்கம் மியூடெக்ஸைப் பிடித்தபின் வேண்டுமென்றே 5 மில்லி விநாடி தாமதம் வைத்தேன். கணக்குப்படி விநாடிக்கு நாலு துடிப்பு என்றால் சராசரியாக ஒரு நிமிஷத்துக்குள் மோத வேண்டும். பெடலை மிதிக்க ஆரம்பித்து நிமிஷம் முடிவதற்குள் மாட்டியது. சீரியலில் ஷெல் மட்டும் உயிரோடு இருந்தது. மினிகாமில் கன்ட்ரோல் ஏ, எஃப் அழுத்தினால் பிரேக் போகும், ஐந்து விநாடிக்குள் ‘டபிள்யூ’ தட்டினால் ‘டி’ நிலையில் கிடப்பவர்களின் பட்டியல் வரும். ‘மேஜிக் சிஸ்ஆர்க்யூ’ ஆன் ஆகியிருக்க வேண்டும். பட்டியலில் ஒரே பெயர். அறுபதாவது விநாடியில் வாட்ச்டாக் கடித்தது.

கேஜிடிபி-யையும் ஆசைக்கு ஒரு தடவை மாட்டிப் பார்த்தேன். ஜிடிபி என்ற டீபக்கரை சீரியல் வழியாகக் கெர்னலுக்குள் இறக்கி நிறுத்திப் பார்ப்பது அழகான விஷயம்தான். ஆனால் கெர்னலை நிறுத்தினால் டீமனும் நிற்கும், டீமன் நின்றால் வாட்ச்டாக்குக்குத் தீனி கிடையாது. ஒரு மாறியின் மதிப்பைப் பார்த்து யோசித்துக்கொண்டிருக்கும்போதே போர்டு ரீசெட் ஆனது. டீபக் செய்யும்போது வாட்ச்டாக்கை அணைத்துவிட வேண்டும். இந்த வேலைக்கு அது தேவைப்படவும் இல்லை.

திருத்தம் ஆறு வரி. மியூடெக்ஸுக்குப் பதில் ஸ்பின்லாக், அதாவது தூங்காமல் காத்திருக்கும் பூட்டு. டீமன் பக்கம் இன்டரப்டை மூடி நிலையைச் சேமித்துவைக்கும் வகை, ஹேண்ட்லரில் சாதாரண வகை. ஒற்றை கோர் கெர்னலில் ஸ்பின்லாக் என்பது கடைசியில் இன்டரப்டை மூடித் திறப்பதுதான். 1.5 மைக்ரோ விநாடிக்கு மூடினால் எந்தக் குடியும் முழுகாது. அதோடு காய்ந்த நேரக் கணக்கையும் நிமிஷத்துக்கு ஒரு தடவை தனிப் பார்ட்டிஷனில் எழுதச் செய்தேன். இதை ஆரம்பத்திலேயே செய்திருந்தால் குருணையாவது ஏறியிருக்காது.

இந்தத் திருத்தத்திலும் ஒரு மணி நேரம் வீணாயிற்று. டீபக் ஆப்ஷனை மாற்றினால் ஸ்பின்லாக், மியூடெக்ஸ் ஸ்ட்ரக்ட்களின் அளவே மாறும். அதனால் கெர்னலில் தனியாக ஏற்றும் மாட்யூல்கள் எல்லாவற்றையும் புதிதாக பில்ட் செய்ய வேண்டும். கெர்னலை மட்டும் மாற்றி, பழைய மாட்யூலை ஏற்றினேன். பெயர் ஒன்றாகவே இருந்ததால் ஏற்றிக்கொண்டது. பிறகு வந்த ஊப்ஸ்களைப் பார்த்து ஸ்பின்லாக்கையே சந்தேகப்பட்டேன். இப்போது ‘லோக்கல் வெர்ஷன்’ ஆப்ஷனில் ஒவ்வொரு பில்டுக்கும் தேதி சேர்க்கிறேன். பழைய மாட்யூலை ஏற்றினால் கெர்னலே மறுத்துவிடும். ‘டீபக் இன்ஃபோ’வோடு வந்த பெரிய, சுருக்காத கெர்னலான விஎம்லினக்ஸ் ஃபைலையும் அதே தேதிப் பெயரில் லேப்டாப்பில் வைக்கிறேன். போர்டுக்குப் போகும் இமேஜ் அதனால் பெருப்பதில்லை. ட்ரேஸில் ஃபங்ஷன் பெயரும் தள்ளியிருக்கும் தூரமும் கிடைத்தால், அதே பில்டின் ஃபைலிலிருந்து எந்த வரி என்று எடுத்துவிடலாம். வேறு பில்டின் ஃபைலில் தேடினால் சம்பந்தமே இல்லாத வரியை முழு நம்பிக்கையோடு காட்டும்.

மில்லில் இப்போது ஓடும் கெர்னலில் ராமூப்ஸ், ஹங் டாஸ்க், சிஸ்ஆர்க்யூ, ட்ரேஸில் ஃபங்ஷன் பெயர்களைக் காட்டும் ‘கால்சிம்ஸ்’, வரிக்கு வரி நேரம் போடும் ‘பிரிண்ட்கே டைம்’ எல்லாம் உண்டு, செலவு அதிகமில்லை. கொயட் இல்லை. அடாமிக் ஸ்லீப்பும், பூட்டுகளின் ஒழுங்கைச் சோதிக்கும் ‘ப்ரூவ் லாக்கிங்’கும் மேசைமேல் ஓடும் கெர்னலில் மட்டும். டிரைவரில் ஒரு வரி மாற்றினாலும் முதலில் அந்தக் கெர்னலில் தையல் மெஷின் ஒரு சுற்று சுற்றியாக வேண்டும். ப்ரூவ் லாக்கிங்கை முதல் நாளே போட்டிருந்தால் அதுவும் இதைப் பிடித்திருக்கும்.

கார்த்திகை முழுக்க மழை. இரண்டு டிரையரும் ராப்பகலாக ஓடின, ரீசெட் ரிஜிஸ்டரில் கரண்ட் போய் வந்ததைத் தவிர வேறு பிட் ஏறவில்லை. பவர் சப்ளை கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். டீ வாங்கிக் கொடுத்தார், காசை என்னிடமே வாங்கிக்கொண்டார்.

போன வாரம் மில்லுக்குப் போனபோது பெட்டியைத் திறந்து, இனி தேவையில்லை என்று சிலிக்கா ஜெல் பைகளை வெளியே எடுத்தேன். மேஸ்திரி கையைப் பிடித்துத் தடுத்தார். “அத எடுக்காதீங்க தம்பி. அது போட்ட பெறகுதான் நல்லா ஓடுது.”

மறுபடி உள்ளேயே வைத்து மூடினேன்.